அந்தத் தச்சுக் கை

முதல் வருஷம் கார்பென்ட்ரி ஷாப்பில் உளியால் விரலை வெட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்? அதே உளியையும் ரம்பத்தையும் பிடித்த ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், தொழுநோய் வந்து குணமானவர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்துக்குப் போனோம். நாள் முழுக்க வெள்ளையடித்தோம். சாயங்காலம் விரல்கள் மழுங்கிய ஒரு தாத்தா, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை இடுக்கி எனக்கு டீ கொண்டுவந்தார். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி நழுவிட்டேன். குணமானவரிடமிருந்து நோய் தொற்றாது என்று அன்று காலையில்தான் டாக்டர் விளக்கியிருந்தார். மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியலை. தாத்தா ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திரும்ப எடுத்துப் போனார்.

அதற்கப்புறம்தான் நூலகத்தில் ஃபாதர் டேமியனின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1840-ல் பெல்ஜியத்தில் ட்ரெமெலோ என்ற கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் யோசேப். படிப்பை விட்டுவிட்டுத் தானிய வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனோ அண்ணனைப் பின்பற்றித் துறவு மடத்தில் சேர்ந்தான். குருவாகிற அளவுக்குப் படிப்பு போதாது என்று முதலில் ஒதுக்கினார்கள். அண்ணனிடமே லத்தீன் கற்றுத் தேறினார். ஹவாய்த் தீவுகளுக்குப் போகவேண்டிய அண்ணன் காய்ச்சலில் விழ, தம்பி அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கப்பலேறினார். 1864-ல் ஹொனலூலுவில் குருப்பட்டம். அடுத்த ஒன்பது வருஷம் ஹவாய்ப் பெரிய தீவில் ஊர் ஊராகப் போய்த் தன் கையாலேயே கோயில்கள் கட்டினார்.

அப்போது அங்கே தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. 1865-ல் ஒரு சட்டம் போட்டு, 1866 முதல் நோயாளிகளைப் பிடித்து மொலோக்காய்த் தீவின் ஒரு மூலையில் இறக்கிவிட்டார்கள். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் ஏறமுடியாத செங்குத்து மலை. அம்மா வேறு, பிள்ளை வேறு. நோயாளிகளுக்காக அங்கே போக யார் தயார் என்று ஆயர் கேட்டபோது நாலு பேர் முன்வந்தார்கள். முறை வைத்துப் போவதாக ஏற்பாடு. 1873 மே 10-ஆம் தேதி முதல் ஆளாக இறங்கிய டேமியன் அங்கேயே தங்கிவிட்டார். வயது 33. ஆரம்ப நாட்களில் தாழை மரத்தடியில்தான் படுக்கை.

அவர் செய்த வேலைகளைப் பாருங்கள், நம்ம சிலபஸ் மாதிரியே இருக்கும். தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமந்து கஷ்டப்பட்டவர்களுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பைப் போட்டுக் கொடுத்தார். 1874-ல் புயல் குடிசைகளைப் பிய்த்துப் போட்டபோது, மரம் வரவழைத்து, தரையைவிட்டு உயர்த்திப் பலகை வீடுகள் எழுப்பினார். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டார். செத்தவர்களுக்குப் பெட்டி செய்து, குழியும் வெட்டினார். கோபக்காரர், பிடிவாதக்காரர் என்று அதிகாரிகளுக்கு அவர்மேல் புகாரும் உண்டு.

ஆனால் என்னை உலுக்கியது இந்த வேலைகள் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி, சேப்பங்கிழங்குக் கூழை ஒரே பாத்திரத்தில் வைத்து எல்லாரும் கைவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். டேமியனும் அவர்களோடு உட்கார்ந்து அதே பாத்திரத்தில் கைவிட்டார். தன் புகைக்குழாயை அவர்களுக்குக் கொடுத்தார். பிரசங்கத்தில் அவர்களைத் தள்ளி வைத்துப் பேசாமல், நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே, தன்னையும் சேர்த்து நாம் என்றே சொன்னார். சீடர்களின் காலைக் கழுவிய இயேசுவை அவர் புரிந்துகொண்ட விதம் இது. காலைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடாமல், பந்தியில் அவர்களோடு உட்காரவும் வேண்டும்.

1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் தண்ணீரில் கால் பட்டுக் கொப்பளித்தது. வலி தெரியலை. அவருக்கும் நோய் வந்துவிட்டது. பலன் தரும் மருந்து 1940-களில்தான் வந்தது. அதுவரை காத்திருக்க முடியாத டேமியன், கை விளங்கியவரை கட்டட வேலை செய்துகொண்டே, 1889 ஏப்ரல் 15 அன்று 49-வது வயதில் கண்மூடினார். அந்தத் தாழை மரத்தடியிலேயே அடக்கம்.

1936-ல் பெல்ஜியம் அவர் உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோனது. 1995-ல் முக்திப்பேறு பெற்றவரானார், 2009-ல் புனிதரானார். 1995-ல் இன்னொன்றும் நடந்தது. மொலோக்காய் மக்களுக்கு அவருடைய வலது கை மட்டும் திரும்பி வந்து, பழைய கல்லறையிலேயே புதைக்கப்பட்டது. உளி பிடித்த கை. கூழ்ப் பாத்திரத்தில் நுழைந்த கை.

நண்பர்களே, கொடுப்பதுதான் சேவை என்று நினைத்திருந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த என் கை, ஒரு டம்ளர் டீயை வாங்கவில்லை. அன்று அந்த வீட்டில் நான் விருந்தாளி. தாத்தா விருந்தோம்ப வந்தவர். அவருக்கிருந்த அந்த ஒரே மரியாதையையும் நான் பறித்துவிட்டேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த இல்லத்துக்கு மறுபடி போகணும். சுண்ணாம்பு வாளி எடுக்காமல், சும்மா போகணும். தாத்தாவிடம் நானே டீ கேட்கணும். கொடுப்பாரோ மாட்டாரோ, தெரியாது. கூட வர்றவங்க சொல்லுங்க, சேர்ந்தே போகலாம்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்