மின்னொளிக்கு வழிகோலியவர்

சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள பழைய வீடுகள் சிலவற்றின் சுவர்களில், தேக்குச் சட்டங்களின்மேல் மின்கம்பிகள் செல்வதை இன்றும் காணலாம். இப்பகுதிக்கு மின்னாற்றல் வழங்கிய நிலையங்களுள் தலையாயது மேட்டூர். அந்நிலையம் தோன்ற வழிகோலியவருள் ஒருவர் சர் சி. பி. இராமசாமி ஐயர்.

இவர் 1879ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, வழக்கறிஞராய்ப் பெரும்புகழ் எய்தினார். அன்னி பெசண்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்திலும் ஈடுபட்டு உழைத்தார்.

1923ஆம் ஆண்டில் இவர் சென்னை அரசின் சட்ட உறுப்பினரானார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் இவர் பொறுப்பில் இருந்தன. காவிரி நீரைப் பற்றிச் சென்னைக்கும் மைசூருக்கும் நெடுநாளாய் இருந்த பிணக்கு 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தணிந்தது. மறு ஆண்டே மேட்டூர் அணை வேலை தொடங்கிற்று. நீலகிரியில் பைகாரா மின்திட்டத்தையும் இவர் முன்னின்று தொடங்கினார். அதனை ஐயுற்றோர் பலர். மிகுந்த விலைக்கு நிலம் வாங்குவதாகக் குறை கூறினோரும் உண்டு. இவர் பின்வாங்கவில்லை. ஆயினும் 1928இல் பதவிக்காலம் முடிந்தது. பைகாரா 1932இலும், மேட்டூர் அணை 1934இலும், மேட்டூர் மின்னிலையம் 1937இலும் பயன்தரத் தொடங்கியபோது இவர் அப்பொறுப்பில் இல்லை.

அணைநீரின் வேகத்தால் சுழலும் பொறி மின்னாற்றலைத் தருகிறது. உயர் அழுத்தத்தில் நெடுந்தொலைவு செல்லும் அதனை மின்மாற்றி குறைத்து, வீட்டு விளக்குக்கு 230 வோல்ட்டாகவும் கிணற்று மோட்டாருக்கு 400 வோல்ட்டாகவும் அளிக்கிறது. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்த உழவர்க்கு இது பெரும் விடுதலை. ஆனால் அக்காலக் கம்பிகளின் ரப்பர் உறை நாளடைவில் வறண்டு வெடிக்கும். பல வீடுகளில் நில இணைப்புக் கம்பியும் இல்லை. மின்னோட்டம் மிகுந்தால் பீங்கான் கூட்டினுள் உள்ள மெல்லிய உருகுகம்பி உருகி அறுந்து, வீட்டைக் காக்கும். அவ்விடத்தில் தடித்த கம்பியைக் கட்டிவைப்பது, அந்தோ, தீயை விருந்துக்கு அழைப்பதாகும்!

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஊர்கள் பல மூழ்கின. அங்கு வாழ்ந்தோர் வீடும் வயலும் துறந்து வேற்றிடம் சென்றனர். விளக்கின் விலையில் அவர்தம் இழப்பும் அடங்கும்.

பின்னர் 1936 முதல் 1947 வரை இவர் திருவிதாங்கூர்த் திவானாய் விளங்கினார். ஆங்கும் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இவர் காலத்தில், 1940இல், இயங்கலாயிற்று. 1966ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இவர் இலண்டன் மாநகரில் காலமானார்.