அயல்நாட்டில் மொழி பயின்ற இத்சிங்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்வோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் மொழியேயாம். தம் நாட்டிற் புலவரெனப் பெயர் பெற்றவரும், பிறர் பாஷை விளங்காத இடத்திற் சிறு பிள்ளையே போல்வர். அவ்விடரை வென்று காட்டிய பெரியாருள் சீன தேசத்துப் பௌத்தத் துறவியாகிய இத்சிங் ஒருவர். அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு வரைவாம்.

இப்பெரியார் கி.பி. 635-ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே பௌத்த மடத்தைச் சார்ந்தார். பாஹியானும் யுவான் சுவாங்கும் இந்தியா சென்று மீண்ட செய்திகள் இவர் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தன. தாமும் அங்ஙனஞ் செல்லல் வேண்டுமென்னும் விருப்பம் இவருக்குப் பதினெட்டாம் வயதிலேயே உண்டாயிற்று. துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல்களில் இவர் மிக்க பற்றுடையவர். தம் நாட்டார் அவ்விதிகளுட் சிலவற்றைப் பிழைபடக் கொண்டு ஒழுகுகின்றனர் என்பது இவர் கருத்து. ஆதலின், இந்தியா சென்று மூல நூல்களை வடமொழியிலேயே கற்றுத் தெளிதல் வேண்டுமெனத் துணிந்தார்.

எண்ணம் ஈடேறுதற்குப் பல்லாண்டுகள் கழிந்தன. உடன் வருவதாக இசைந்திருந்த நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பின்வாங்கினர். இறுதியில், 671-இல், இளந்துறவி ஒருவரே துணையாக, குவாங்சௌ துறைமுகத்தினின்று பாரசீகக் கப்பலொன்றில் இவர் புறப்பட்டார். இருபது நாட்களுக்குள் சுமத்ரா தீவிலிருந்த ஸ்ரீவிஜய நகரை அடைந்தார். துணைவந்த இளைஞரோ நோயுற்றுத் தாய்நாடு திரும்பினார்.

இத்சிங் உடனே இந்தியாவுக்கு விரையாது, ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதந் தங்கி வடமொழி இலக்கணத்தைக் கற்கத் தொடங்கினார். அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் இருந்தனரென்றும், இந்தியாவிற் பயிலும் நூல்களையே அவர்களும் பயின்றனரென்றும் இவர் எழுதியுள்ளார். பின்னர் மலாயு என்னும் நாட்டில் இரண்டு மாதந் தங்கி, நம் தமிழ் நூல்களிற் கடாரமென வழங்கும் துறையைக் கடந்து, 673-இல் வங்க நாட்டுத் தாம்ரலிப்தியிற் கரையிறங்கினார்.

நாளந்தா அங்கிருந்து எட்டாத தொலைவன்று. ஆயினும் இவர் மீண்டும் பொறுத்தார். யுவான் சுவாங்கின் மாணவரொருவரைத் தாம்ரலிப்தியிற் கண்டு, அவருடன் ஓராண்டளவு தங்கி, வடமொழிப் பயிற்சியை மேலும் வளர்த்துக்கொண்டார். அதன்பின்னரே நாளந்தாவை நோக்கி நடந்தார். வழியில் நோயாற் பின்தங்கிக் கள்வர் கையில் உடைமைகளை இழந்தும் மனந் தளர்ந்திலர். நாளந்தாவிற் பத்தாண்டளவு கற்றனர்.

அக்காலத்து இந்தியச் சிறுவர் மொழி பயின்ற முறையை இவர் விரிவாகக் குறித்து வைத்தார். ஆறு வயதில் எழுத்துக்களைத் தொடங்கி ஆறு மாதத்தில் முடிப்பர்; எட்டு வயதிற் பாணினியின் சூத்திரங்களைத் தொடங்கி எட்டு மாதத்தில் மனனஞ் செய்வர்; பதினைந்து வயதில் அச்சூத்திரங்களின் விரிவுரையைத் தொடங்கி ஐந்தாண்டு பயில்வர். கல்விக்காக இந்தியா வருஞ் சீனர் இவ்விலக்கண நூலை முதலிற் கற்றல் வேண்டுமென்றும், கல்லாதார் உழைப்பு வீணாகுமென்றும் இவர் வற்புறுத்தினார். ஆறு வயதுப் பிள்ளை தொடங்கும் பாடத்தை இவர் தொடங்கியபோது இவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. தம் நாட்டு நூல்களை நன்கு கற்றவர், பிறநாட்டு எழுத்தை முதலிலிருந்து பயில நாணினாரல்லர். இதனையே நாம் இவர் பெருமைகளுட் சிறந்ததாகக் கொள்வோம்.

685 அளவில் இவர் ஏறத்தாழ நானூறு வடமொழி நூல்களோடு நாளந்தாவை நீங்கி, ஸ்ரீவிஜயத்துக்கு மீண்டு, படியெடுத்தலிலும் மொழிபெயர்த்தலிலும் ஈடுபட்டார். 689-இல், காகிதமும் மையும் வேண்டித் தாய்நாட்டுக்குக் கடிதம் அனுப்பக் கப்பலேறினார். காற்று வாய்த்தமையால் வணிகர் பாய் விரித்துவிட, கப்பல் இவரையுஞ் சுமந்து குவாங்சௌ சேர்ந்தது. நூல்களோ ஸ்ரீவிஜயத்திற் கிடந்தன. பல்லாண்டு கழித்துத் தாய்மண்ணை மிதித்தும் அங்கே தங்காது, துணைவர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு அவ்வாண்டிலேயே ஸ்ரீவிஜயத்துக்குத் திரும்பினார்.

இந்தியா செல்ல விரும்புஞ் சீனத் துறவிகள் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயின்ற பின்னரே செல்லுதல் நலமென்பது இவர் அறிவுரை. தாம் பெற்ற பயனைப் பின்வருவோர்க்கும் வழியாக்கினார். 695-இல் இவர் லோயாங் நகரை அடைந்தபோது பேரரசி ஊ சேதியான் தாமே எதிர்கொண்டு வரவேற்றனர். அதன்பின் 713-இல் இறக்குமளவும் ஓயாது உழைத்தார். இவர் மொழிபெயர்த்த நூல்கள் 56 என்றும், அவை 230 சுருள்களாக அமைந்தன என்றுஞ் சீனர் கணக்கிட்டுள்ளனர்.

இக்காலத்தில் நம் இளைஞர் பலர் ஜெர்மனி, ஜப்பான், பிரான்சு முதலிய நாடுகளுக்குக் கற்கச் செல்கின்றனர். கப்பலின் இடத்தை ஆகாய விமானம் பெற்றது, மாதங்கள் நாழிகைகளாயின. ஆயினும் ஒரு மொழி மனத்திற் பதிதற்கு வேண்டிய காலம் குறைந்திலது. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பயணச் செலவையும் கல்விக் கட்டணத்தையும் கணக்கிடுகின்றனர். மொழிக்குரிய மாதங்களைக் கணக்கிடுவோர் சிலரே. ஆசிரியர் உரை விளங்காமையால் வகுப்பிற் கடையிலிருந்து, வெட்கத்தால் வாய் திறவாது, ஊருக்கும் உண்மை எழுதாது வருந்தும் மாணவர் உளர். அவர் அறிவிற் குறைந்தவரல்லர். தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்காதவர்.

நாளந்தாவின் வாயிலை மிதிக்குமுன் இத்சிங் மொழிக்கென ஒன்றரை ஆண்டு செலவிட்டார். அது வீண் காலமன்று என்பதற்கு அவர் விட்டுச் சென்ற நூல்களே சான்று. ஆகலின், புறப்படுமுன்னரே அந்நாட்டு மொழியைத் தொடங்குமின். சென்றபின்னும் முதல் வகுப்பிற் சிறுவரோடு சிறுவராய் அமர நாணாதிருமின் என்று நம் மாணவர்க்கு அன்புடன் கூறுகின்றோம். பெற்றோரும் அந்த ஓராண்டைத் தாமதமென்று கடியாது, அதுவுங் கல்வியே எனக் கொண்டு பொறுப்பாராக.