ஏசி இல்லாமலே குளிரும் புதுச்சேரி கட்டடம்: யார் இந்த ஆன்டனின் ரேமண்ட்? வாணியம்பாடி வீடுகளுக்கு அதில் என்ன இருக்கு?

மே மாசம் வாணியம்பாடியில் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடி காலைச் சுடும். ஃபேன் போட்டால் கூரையில் இருக்கும் சூடுதான் கீழே இறங்கும். வசதி இருப்பவர்கள் ஏசி வாங்கிவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து தூங்கும் நேரத்துக்கு மட்டும் போடுகிறார்கள். ஷூ கம்பெனியில் பகல் முழுக்க தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வரும் பெண்களுக்கு வீட்டிலும் அதே வெக்கைதான்.

ஆனால் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும். ஈரத் தோலை நேர் வெயிலில் போட்டால் விறைத்துப்போகும். அதனால் நிழலில், காற்று ஓடும் இடத்தில் தொங்கவிட்டுத்தான் காயவைப்பார்கள். வெயில் உள்ளே வரக்கூடாது, காற்று வரணும். இதே கணக்கில், மனிதர்கள் தங்க ஒரு மூன்று மாடிக் கட்டடத்தைக் கட்டிக் காட்டியவர் ஆன்டனின் ரேமண்ட். கட்டடத்தின் பெயர் கோல்கொண்டே. புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியாக இருக்கிறது.

யார் இவர்?

இன்றைய செக் குடியரசில் உள்ள கிளாட்னோ என்ற ஊரில் 1888-ல் பிறந்தவர். 1910-ல் அமெரிக்கா போனார். 1914-ல் நோயெமி என்ற கலைஞரைத் திருமணம் செய்தார். கடைசி வரை கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலை செய்தார்கள். உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலைக்குச் சேர்ந்து, டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் பணிக்காக 1919 கடைசியில் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலத்திலேயே ரைட்டை விட்டுப் பிரிந்து, அங்கேயே சொந்த அலுவலகம் போட்டுவிட்டார்.

ஜப்பானில் அவரைப் பிடித்து இழுத்தது பழைய மர வீடுகள். நீளமான தாழ்வாரம், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுகள், கோடையில் வீட்டையே திறந்துவிடும் வசதி. சுவர் என்றால் அசையாமல் நிற்கணும் என்று என்ன கட்டாயம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வலுத்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு எப்படி வந்தார்?

பவித்ரா என்ற பெயரில் ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சு இன்ஜினியர், ரேமண்டுக்கு ஜப்பானில் பழக்கமானவர். அந்தத் தொடர்பில்தான் இந்த வேலை வந்தது. பணம் ஹைதராபாத்தில் இருந்து வந்தது. நிஜாம் அரசின் பெரிய அதிகாரியான சர் அக்பர் ஹைதரி மூலம் ஒரு லட்சம் ரூபாய். அதனால்தான் கோல்கொண்டாவின் பெயர்.

1937-ல் வேலை தொடங்கியது. ரேமண்ட் தன் அலுவலகத்தில் இருந்து ஜார்ஜ் நகாஷிமா, பிரான்டிஷெக் சாமர் என்ற இரண்டு இளைஞர்களை அனுப்பினார். 1938-ல் அவரே குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கினார். கட்டியவர்களில் பெரும்பாலோர் ஆசிரமவாசிகள். கதவு, ஜன்னலுக்கான பித்தளைச் சாமான்களைக்கூட பழைய பாத்திரங்களை உருக்கித்தான் வார்த்தார்கள். வேலை 1940-களிலும் இழுத்துக்கொண்டே போனது. இந்தியாவில் கம்பி கட்டிய கான்கிரீட் இன்னும் புதுசாக இருந்த காலம் அது.

சரி, எப்படி குளிருது?

முதலில் திசை. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. காலை, மாலை வெயில் அடிக்கும் கிழக்கு, மேற்குப் பக்கங்கள் குறுகலானவை. நம்ம ஊர் சந்து வீடுகளில் இந்த வசதி யாருக்கும் கிடைக்காது, அது வேற விஷயம்.

அடுத்தது சுவர். வடக்கிலும் தெற்கிலும் வழக்கமான சுவரே இல்லை. தரையில் இருந்து மேல் வரை படுக்கைவாட்டில் பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும், மூடும். மழை, வெயில் வராது. காற்று மட்டும் வரும். தெற்கே அறைகள், வடக்கே நடைபாதை. நடுவில் தேக்குச் சட்டங்கள் இடைவெளி விட்டு அடித்த தள்ளு கதவு. கதவைச் சாத்தினாலும் அறைக்குள் காற்று குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். தனிமையும் கெடாது. (அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். அது நுரையீரலுக்கு எமன் என்று இன்று தெரியும். அதை மட்டும் காப்பி அடிக்கக் கூடாது.)

மூன்றாவதுதான் நமக்கு ரொம்ப முக்கியம்: கூரை. கான்கிரீட் தளத்துக்கு மேல், வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு இன்னொரு கூரையாக அடுக்கினார்கள். வெயில் மேல் ஓட்டைச் சுடும். இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். கீழ்த் தளம் நிழலில் இருக்கும். குடைக்குள் நிற்பது மாதிரி.

அதன் பிறகு?

இதுதான் இவர் வாழ்க்கையில் ஜீரணிக்க முடியாத பகுதி. ரேமண்ட் அமெரிக்கா திரும்பினார். போர் வந்தது. 1943-ல் யூட்டா மாநிலத்தின் டக்வே பாலைவனத்தில், அமெரிக்க ராணுவத்துக்காக ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சு அசலாக வடிவமைத்துக் கொடுத்தார். பாய் விரிப்பு வரை எல்லாம் அப்படியே. எந்தக் குண்டு போட்டால் அவை வேகமாக எரியும் என்று சோதிக்க. கட்டினார்கள், எரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். 1945 மார்ச்சில் டோக்கியோ மீது ஒரே இரவில் விழுந்த தீக்குண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள்.

காற்று எப்படி நுழையும் என்று ஜப்பானிய வீடுகளிடம் கற்றவர், தீ எப்படி நுழையும் என்பதற்கும் அதே அறிவைக் கொடுத்தார். அந்த வேலையில் தனக்குப் பெருமை இல்லை என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். போருக்குப் பிறகு ஜப்பானுக்கே திரும்பி, பல வருஷம் அங்கே கட்டடங்கள் கட்டினார். 1976-ல் அமெரிக்காவில் இறந்தார். நகாஷிமா பிறகு உலகப் புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர் ஆனார்.

வாணியம்பாடியில் இது வேலை செய்யுமா?

அப்படியே செய்யாது. புதுச்சேரிக்குக் கடல் காற்று உண்டு. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கும் நம்ம ஊரில் மதியம் அடிப்பது அனல் காற்று. 40 டிகிரி காற்றை வீட்டுக்குள் விட்டால் சுவர் இன்னும் சூடாகும். அதனால் இங்கே கோடையில் பகலில் ஜன்னலைச் சாத்தி, வெளியே நிழல் கட்டணும். இருட்டிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, பகலில் சுவர் குடித்த சூட்டை வெளியேற்றணும். ரேமண்ட் பலகைகளைத் திருப்பும்படி வைத்ததன் பலனும் இதுதான்: காற்று எப்போது வேண்டும் என்பதை உள்ளே இருப்பவரே முடிவு செய்யலாம்.

கூரை யோசனை மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். மொட்டை மாடி மேல் காற்று புகும் இடைவெளி விட்டு ஒரு கீற்றுப் பந்தல், அல்லது பச்சை வலை. பந்தல் கட்ட முடியாதவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. கோல்கொண்டே அளவுக்கு வராவிட்டாலும் தளம் வாங்கும் சூடு குறையும். தகர ஷீட் போட்ட வீட்டில் பலன் இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஆனால் வாடகை வீட்டில் மாடி ஓனர் கையில். புதிய வீடுகளில் சூடு குறைய மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதிகளும் அப்போது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்குத்தான் வந்தன. அதாவது சுமார் 12 சென்ட். தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வருபவர்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு பெரிய மனை இருக்கும்?