மக்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்தவர்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டு கைகூப்பியோர் நம்மிடையே பலர். அந்நிலையத்தின் முதற்பொறுப்பாளரை அறிந்தோரோ சிலரே. அவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர்.

ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரில் 1813ஆம் ஆண்டு பிறந்த பால்ஃபர், 1834ஆம் ஆண்டில் படை மருத்துவராக இந்தியா வந்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்தார். மரங்களுக்கும் மழைவளத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, காடுகளைக் காக்க வேண்டுமென அக்காலத்திலேயே எழுதினார்.

1851ஆம் ஆண்டு, சென்னை இலக்கியச் சங்கம் அளித்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு, கல்லூரிச் சாலைக் கட்டடமொன்றில் அருங்காட்சியகம் தொடங்கியது. கல்லும் கனிமமும் கற்றோருக்கு விருந்து. எளிய மக்களுக்கு அவை வெறுங்கற்களே. இடம் போதாமையால் 1854ஆம் ஆண்டு நிலையம் எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு மாறியது.

அங்கு உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் காணவே மக்கள் பெருந்திரளாக வந்தனர். வேடிக்கை பார்க்க வந்தோர் என அவர்களைப் பால்ஃபர் இகழவில்லை. அந்த ஆவலையே அறிவின் வாயிலாக்கினார். கருநாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்று, 1855ஆம் ஆண்டில் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை ஒன்றை அமைத்தார். அதுவே பின்னர் மக்கள் பூங்காவிற்கும், 1985ஆம் ஆண்டில் வண்டலூருக்கும் இடம்பெயர்ந்தது. சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். படியாத மக்களும் இவ்விரண்டையும் கல்விச்சாலை எனப் பெயரிட்டழைத்ததைவிட அவருக்கு வேறு பாராட்டு வேண்டுமோ!

உயிர்களைக் கூண்டில் அடைப்பது நம் அறத்திற்கு உவப்பானதன்று. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பொருளைச் சேர்ப்பது பாதிப்பணியே, காண்போரைச் சேர்ப்பதே மீதிப்பணி என்று அவர் உணர்ந்தது கொள்ளத்தக்கது.

1857ஆம் ஆண்டில் இந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். மருத்துவத்துறைத் தலைமைப் பதவியில் இருந்தபோது பெண்கள் மருத்துவம் பயிலத் துணைநின்றார். அதன் பயனாக 1875ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர். அருங்காட்சியகமாயினும் கல்லூரியாயினும், அடைத்த கதவைத் திறப்பதே அவர்தம் இயல்பு. 1889ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தார்.

ஒரு நிலையத்தைக் கட்டியவரைக் கல்வெட்டு நினைவுகூரும். அதனுள் மக்கள் வரும் வழியைக் கண்டவரை நாம்தான் நினைவுகூர வேண்டும். நம் முன்னோர் வழிபட்ட திருமேனிகளும் இன்று அக்கூடத்தில் காண்போரை எதிர்நோக்கி நிற்கின்றன. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோம். எந்தச் சின்னம் எந்தத் தீர்த்தங்கரருக்கு உரியது என்பதை அவர்கள் அங்கேயே கண்டு கற்கட்டும்.