அமைதி காத்த தளபதி

பட்டுக்கோட்டை வயல்களுக்குக் கல்லணைக் கால்வாய் கொண்டுவரும் நீர், குடகு மலையில் பிறக்கும் காவிரியின் நீராகும். அக்குடகின் மடிக்கேரியில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர் கோடந்தேர சுப்பையா திம்மையா. குன்னூரிலும் பெங்களூரிலும் பள்ளிக்கல்வி பயின்று, 1926இல் படை அதிகாரியானார். 1948 நவம்பரில், பனி சூழ்ந்த சோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிச் சென்று வெற்றி கண்டார். அப்போர்வீரரிடம்தான் 1953இல் போரிடாத பணியொன்று ஒப்படைக்கப்பட்டது.

கொரியப் போர் அவ்வாண்டு சூலைத் திங்களில் ஓய்ந்தது. ஆயினும், தாயகம் திரும்ப மறுத்த கைதிகளின் சிக்கல் தீரவில்லை. அதனைத் தீர்க்க ஐந்து நடுநிலை நாடுகளின் ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் திம்மையா. கைதிகளைக் காக்கும் பொறுப்பை இந்தியப் படை மட்டுமே ஏற்றது. விடுதலை பெற்று ஆறே ஆண்டுகளான, தன் மக்களின் உணவுக்கே தவித்த நாடு, 5,000க்கும் மேற்பட்ட வீரர்களைக் கடல்கடந்து அனுப்பியது. தென்கொரிய அரசோ அவர்கள் தன் மண்ணை மிதிக்க இசையவில்லை. எனவே, அவர்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றப்பட்டுப் படைவிலக்கப் பகுதியில் இறக்கப்பட்டனர்.

அங்கிருந்த சீன, வடகொரியக் கைதிகள் 22,000க்கும் மேற்பட்டோர். தாயகத்தின் சார்பாளர்கள் 90 நாள்களுக்குள் அவர்களைச் சந்தித்து விளக்கம் அளிக்க வேண்டும் என்பது உடன்பாடு. முகாம்களுக்குள் இருந்த தலைவர்களின் மிரட்டலால் பலர் வெளிவர மறுத்தனர். அவர்களை வலிந்து இழுத்துவரக் கம்யூனிஸ்டுத் தரப்பு வற்புறுத்தியது. இழுத்திருந்தால் நிராயுதபாணிகளின் குருதி சிந்தியிருக்கும். திம்மையா இணங்கவில்லை. கெடு முடிந்தபோது பெரும்பாலோர் விளக்கம் கேட்டிருக்கவில்லை. எஞ்சியோரின் நிலையை ஆராய வேண்டிய அரசியல் மாநாடும் கூடவில்லை. 1954 சனவரியில், எத்தரப்பு ஒப்படைத்ததோ அத்தரப்பிடமே கைதிகளை அவர் திருப்பி அனுப்பினார். இரு தரப்பும் குறை கூறின. அது நிறைவான தீர்வு அன்று. எனினும், அன்றைய நிலையில் உயிர்களைக் காத்த தீர்வு அதுவே. எப்பக்கமும் செல்ல விரும்பாத எண்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையுடனேயே கப்பலேறினர்.

கொரியாவுக்குச் சென்றது ஐ.நா. படையன்று. ஆனால், 1956இல் காசாவுக்கும் 1960இல் காங்கோவுக்கும் இந்தியா ஐ.நா. அமைதிப்படைக்கு வீரர்களை அனுப்பியபோது, கொரியாவில் பெற்ற பட்டறிவு துணைநின்றது.

1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற திம்மையாவை உலகம் மீண்டும் அழைத்தது. சைப்ரஸ் தீவில் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்டிருந்தனர். 1964 சூலையில் அங்கிருந்த ஐ.நா. படைக்குத் தலைமையேற்றார். அப்படையில் இந்தியப் படைப்பிரிவு ஏதும் இல்லை. பிரிட்டன், கனடா, சுவீடன் போன்ற நாடுகளின் வீரர்களை ஓர் இந்தியர் நடத்தினார். பணியிலிருந்தபோதே, 1965 திசம்பர் 18 அன்று மாரடைப்பால் மறைந்தார். மறு ஆண்டு சைப்ரஸ் அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. லார்னகா நகரில் அவர் பெயரில் ஒரு சாலை உள்ளது.