அமைதி இரவைப் பாடிய ஜோசப் மோர்



கிறிஸ்துமஸ் காலத்தில் ‘சைலண்ட் நைட்’ என்னும் இனிய பாடலை வானொலியில் நாம் கேட்டிருக்கிறோம். அதன் வரிகளை இயற்றியவர் ஜோசப் மோர் ஆவார்.

இவர் 1792 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். படைவீரரான தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாய் பின்னல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுவனின் இசைத்திறனைக் கண்ட பாதிரியார் ஒருவர் அவனைப் படிக்க வைத்தார். 1815 இல் மோரும் பாதிரியாரானார்.

நெப்போலியன் காலப் போர்கள் ஓய்ந்து, மக்கள் வறுமையில் வாடிய 1816 இல் அக்கவிதையை எழுதினார். 1818 டிசம்பர் 24 அன்று, பள்ளி ஆசிரியர் கிரூபர் அதற்கு இசையமைத்தார். அன்றிரவே ஓபெர்ன்டோர்ஃப் ஊர்த் தேவாலயத்தில் மோர் கித்தார் மீட்ட, இருவரும் பாடினர்.

பாடல் கடல் கடந்து சென்றது. ஆக்கியோர் பெயரோ மறைந்தது. இசை மேதைகளான ஹைடன், மோசார்ட் ஆகியோரின் படைப்பென்றே பலரும் எண்ணினர். 1995 இல் மோரின் கையெழுத்துப் படி கிடைத்த பின்னரே கவிதை பிறந்த ஆண்டு உறுதியாயிற்று.

மோர் புகழைத் தேடவில்லை. இறுதியாகப் பணியாற்றிய வாக்ரைன் என்னும் மலையூரில் பள்ளிக்கூடம் அமையப் பாடுபட்டார். ஏழைப் பிள்ளைகளும் அதில் கற்க வழிசெய்தார். 1848 டிசம்பர் 4 அன்று அவ்வூரிலேயே, பொருள் ஏதும் சேர்த்து வைக்காமல் மறைந்தார்.

பிறர் உதவியால் கற்றவர், பிறர் கற்க உதவினார். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நீங்களும், உங்களைப் படிக்க வைக்கும் பெற்றோரும் இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்த வேண்டுமென விழைகிறோம்.