கோபே நகரத்துச் சிறுவனும் அவனுடைய இரும்பு மனிதர்களும்

1945 இல் ஜப்பானின் கோபே நகரம் தீயில் அழிந்தது. அமெரிக்காவின் பி-29 விமானங்கள் மார்ச்சிலும் ஜூனிலும் அந்தத் துறைமுக நகரத்தின் மீது எரிகுண்டுகளைக் கொட்டின. மர வீடுகள் தெருத்தெருவாக எரிந்தன. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் மாண்டார்கள். அந்த நகரத்தின் சுமா பகுதியில் 1934 ஜூன் 18 இல் பிறந்தவர் மிட்சுதெரு யோகோயாமா. குண்டுவீச்சு கடுமையானபோது அவருடைய குடும்பம் தொத்தோரி மாகாணத்துக்கு இடம்பெயர்ந்தது. ஊர் திரும்பியபோது, விட்டுச் சென்ற நகரம் அங்கே இல்லை. இடிபாடும் சாம்பலும்தான் இருந்தன.

இந்த இடத்தில் நமக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்களும், மூதூருக்குத் திரும்பியவர்களும், முள்ளிவாய்க்காலில் கிணற்றை வைத்து வீடு இருந்த இடத்தை அடையாளம் கண்டவர்களும் அந்தச் சிறுவனின் பார்வையை அறிவார்கள். எரிந்த நகரத்தைக் கண்ட ஒரு பிள்ளை, பெரியவனானபின் அந்த நினைவை வைத்து என்ன செய்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூட நாட்களிலேயே யோகோயாமா ஒசாமு தெசுகாவின் படக்கதைகளில் மூழ்கிப்போனவர். படிப்பு முடிந்ததும் வங்கியொன்றில் வேலை கிடைத்தது. படம் வரைய நேரமில்லை என்று சில மாதங்களிலேயே அதை விட்டுவிட்டார். பிறகு ஒரு திரைப்பட நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 1955 இல் அவருடைய முதல் படக்கதை நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 22 வயதில், ஷோனென் என்ற சிறுவர் இதழில் டெட்சுஜின் 28 என்ற தொடரைத் தொடங்கினார். டெட்சுஜின் என்றால் இரும்பு மனிதன். அது பத்து ஆண்டுகள் தொடர்ந்தது. 1963 இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனாகி, வேறு பெயரில் அமெரிக்காவுக்கும் போனது. கோபேயில் குண்டு போட்ட நாட்டின் பிள்ளைகளும் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

இந்தக் கதையின் மையம் ஓர் ஆயுதம். உலகப் போரின் கடைசிக் காலத்தில் ஜப்பானிய இராணுவத்துக்காக இரகசியமாக உருவாக்கப்பட்ட இயந்திர மனிதன் அது. போர் முடிந்த பின், அதை உருவாக்கிய விஞ்ஞானியின் மகனான ஷோதாரோ என்ற சிறுவனிடம் அது வந்து சேர்கிறது. அதற்குச் சொந்தப் புத்தியும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி யாருடைய கையில் இருக்கிறதோ அவர் சொன்னதைச் செய்யும். சிறுவனிடம் இருந்தால் ஊரைக் காக்கும், கொள்ளைக்காரனிடம் போனால் அதே ஊரை இடிக்கும். அதனால் கதை நெடுகவும் அந்தப் பெட்டிக்காகவே அடிபடுகிறார்கள். அதே இதழில் வெளிவந்த தெசுகாவின் ரொபோச் சிறுவனுக்கு மனமும் கண்ணீரும் உண்டு. யோகோயாமா தன் இரும்பு மனிதனுக்கு அவற்றைக் கொடுக்கவில்லை. பி-29 விமானங்களும் பிராங்கன்ஸ்டைன் திரைப்படமும் தன் கற்பனைக்கு வித்திட்டன என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆயுதத்தை எதிரி செய்ததாக அவர் எழுதவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கோபேயின் குழந்தைகள் எரிந்தது உண்மை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் உண்மை. யோகோயாமா தன் நாட்டு இராணுவம் விட்டுச் சென்ற ஆயுதத்தையே எடுத்துப் பிள்ளைகளின் முன் வைத்தார். இது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்படி அவர்களைப் பழக்கினார்.

அவருடைய இன்னோர் இயந்திர மனிதன்தான் எங்கள் கரைக்கு வந்தது. ஜெயன்ட் ரோபோ என்ற அந்தத் தொடர் 1967 அக்டோபர் முதல் 1968 ஏப்ரல் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 26 பகுதிகளாக ஒளிபரப்பானது. தோயெய் நிறுவனம் உண்மையான நடிகர்களை வைத்து அதை எடுத்தது. ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு அமெரிக்காவுக்குப் போய், 1980களில் இந்தியாவின் தூர்தர்ஷனிலும் வந்தது. தமிழ்நாட்டில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் பலர் அதை மறக்கவில்லை. நமது ரூபவாஹினியே 1982 இல் ஜப்பானிய அரசின் நன்கொடையில் எழுந்ததுதான். ஓஷின் தொடரை நம் தாய்மார் அழுதழுது பார்த்தது வேறு கதை.

நான் ஜெயன்ட் ரோபோவைப் பார்த்தது புத்தளத்துக் கரையில். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவில் இருந்தவர்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். ஆலங்குடாப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கிடுகுக் கொட்டில்கள் போட்டுக்கொண்டோம். எப்போதாவது காசு சேர்த்து, ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுப்பார்கள். பெரியவர்களுக்குத் தமிழ்ப் படம். அது தொடங்கும் முன் பிள்ளைகளுக்கென்று ஒரு கசெற் போடுவார்கள். அதில்தான் அந்த இரும்பு மனிதன் இருந்தது. ஆங்கிலம் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. கதை விளங்கியது.

கடலில் போகும் கப்பலை ஒரு பூதம் கவிழ்க்கிறது. ஒரு சிறுவன் தீவொன்றில் ஒதுங்குகிறான். அங்கே தீயவர்கள் ஒரு விஞ்ஞானியைப் பிடித்துவைத்து மலை போன்ற இயந்திர மனிதனைச் செய்விக்கிறார்கள். எகிப்திய அரசனின் தலை அதற்கு. சிறுவனின் கையில் ஒரு மணிக்கூடு கிடைக்கிறது. அதில் முதலில் பேசுபவரின் குரலுக்கு மட்டுமே இயந்திரம் கட்டுப்படும். அவன் பேசிவிடுகிறான். அவ்வளவுதான், அந்தப் பூதாகாரமான இரும்பு இனி ஒரு பிள்ளையின் சொல் கேட்கும்.

வள்ளத்தில் வந்து இறங்கிய எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் வாப்பாமாரின் சொல்லுக்குக்கூட அந்த நாட்களில் எங்கும் மதிப்பில்லை. நிவாரண வரிசையில் பெயர் கூப்பிடும்வரை நின்றார்கள். தோட்டத்தில் தென்னோலைக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆளுக்கொரு ஓலை மணிக்கூடு பின்னிக் கையில் கட்டிக்கொண்டு, வாயருகே வைத்து ரோபோவைக் கூப்பிட்டோம். சிலர் மன்னாருக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். ஒருவன் உம்மாவின் தையல் மெஷினை எடுத்துவரச் சொன்னான்.

யோகோயாமாவின் வாழ்க்கையைப் பின்னாளில் படித்தபோது எனக்கு இரண்டு கதைகளும் ஒன்றாகத் தெரிந்தன. எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன துப்பாக்கிகள் வேற்றுமொழி பேசியவை அல்ல. எங்கள் தெருக்களில் நடந்தவை, எங்கள் மொழியில் பேசியவை. எல்லோரையும் காக்க வந்தவை என்று எங்களில் பலரும் நம்பியவை. அதே துப்பாக்கிகளை ஏந்தியவர்களின் பெற்றோர் இன்றும் பிள்ளைகளின் படத்தோடு தெருவில் நிற்கிறார்கள் என்பதையும் நான் அறிவேன். அவர்களுடைய துயரத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆயுதத்துக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை என்பதை ஜப்பானியச் சிறுவர் இதழ் ஒன்று 1956 இலேயே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது. நாங்கள் அதை வள்ளத்தில் ஏறும்போதுதான் படித்தோம்.

ஜெயன்ட் ரோபோவின் கடைசிப் பகுதியில் சிறுவன் திரும்பிவா என்று கத்துகிறான். இயந்திரம் முதன்முறையாக அவன் சொல்லைக் கேட்கவில்லை. உலகையே வெடிக்கவைக்கக்கூடிய எதிரியைக் கட்டிப்பிடித்தபடி வானுக்குப் பறந்து, தானும் அழிகிறது. டெட்சுஜினுக்கு மறுக்கப்பட்ட மனம் இந்த இயந்திரத்துக்கு எப்படியோ வந்துவிட்டது. அந்த இரவில் முகாமில் பிள்ளைகள் அழுதார்கள்.

யோகோயாமா இயந்திர மனிதர்களோடு நின்றுவிடவில்லை. சூனியக்காரச் சிறுமி சாலியை உருவாக்கிப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு புதுவகைக் கார்ட்டூனுக்கு வழி திறந்தார். நிஞ்சாக் கதைகள் எழுதினார். சீனத்தின் மூன்று அரசுகள் காலத்துப் போர்களை 1971 முதல் 15 ஆண்டுகளுக்கு மேல் வரைந்து 60 தொகுதிகளாக முடித்தார். ஜப்பானில் பலர் அந்தப் பழைய வரலாற்றை அறிந்தது அவருடைய படங்கள் வழியாகத்தான். 2004 ஏப்ரல் 15 இல், தோக்கியோவில் அவருடைய வீட்டில் பிடித்த தீயில் காயமடைந்து இறந்தார். வயது 69.

அதற்கு முன்பே கோபே இன்னொரு தடவை எரிந்திருந்தது. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகாத்தா பகுதி தீயில் கருகியது. 1935 இல் இந்திய முஸ்லிம் வணிகர்களும் பிறரும் சேர்ந்து கட்டிய கோபே பள்ளிவாசல், ஜப்பானின் முதல் பள்ளிவாசல், 1945 இன் குண்டுகளைப் போலவே இந்த நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. நகாத்தா மக்கள் தங்கள் பகுதியை மீட்டெடுக்கும்போது, தங்கள் ஊர்ப் பிள்ளையின் டெட்சுஜினை 2009 இல் பூங்காவில் முழு உருவில் நிறுத்தினார்கள். ஏறக்குறைய 50 தொன் இரும்பு. இன்று குழந்தைகள் அதன் காலடியில் ஓடி விளையாடுகிறார்கள்.

புத்தளத்துக் கரையில் நாங்கள் வந்து இறங்கி 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் இங்கேயே வேர் விட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நினைவுகூர ஒரு விளக்கு ஏற்றுவதற்கே மக்கள் போராட வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் நம் பிள்ளைகளுக்குப் போரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம், அல்லது அவரவர் காயத்தை மட்டும் சொல்கிறோம். யோகோயாமா தன் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமானைப் போல அந்த ஆயுதத்தைக் கொடுத்தார். உள்ளே ஒரு கேள்வியையும் வைத்துக் கொடுத்தார்.

2009 மே மாதத்தில் பதினொரு வயதாக இருந்த நம் பிள்ளைகள், அவர் டெட்சுஜினை வரையத் தொடங்கிய வயதை இப்போது தாண்டிவிட்டார்கள். அவர்களில் யாராவது வரைந்துகொண்டிருந்தால், அதை அச்சிடக் காசு சேர்ப்பது நம் கடமை. ஒருகாலத்தில் ரீவிக்கும் டெக்குக்கும் சேர்த்தோமே, அதுபோல.